நேயர்களிடம் கேட்டீர்களா?

2022 செப்டம்பர் 29-ம் தேதி காலை, பிரிட்டன் பிரதமர் லிஸ் டிரஸ் பிபிசியின் எட்டு உள்ளூர் வானொலி நிலையங்களுக்கு அடுத்தடுத்துப் பேட்டி கொடுத்தார். அவருடைய அரசு 'மினி பட்ஜெட்' போட்டு ஆறு நாட்கள் ஆகியிருந்தன. பவுண்டின் மதிப்பு சரிந்திருந்தது. வீட்டுக்கடன் வட்டி எங்கே போய் நிற்குமோ என்று குடும்பங்கள் கலங்கிக் கிடந்தன. அதுவரை பிரதமர் வாய் திறக்கவில்லை. லண்டனின் பெரிய தொலைக்காட்சி நெறியாளர்களைவிட ஊர் நிலையங்கள் எளிதாக விட்டுவிடும் என்று அவருடைய ஆலோசகர்கள் நினைத்திருக்கக்கூடும்.

நடந்தது வேறு. இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்றுதான் லீட்ஸ் நிலையம் தொடங்கியது. பூமியைப் பிளந்து எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு எங்கள் மக்கள் எப்போது சம்மதித்தார்கள் என்று லங்காஷயர் கேட்டது. கூரைக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கும் கிங்ஸ் லின் மருத்துவமனையைப் பற்றி நார்ஃபோக் கேட்டது. டிரஸ் அப்போது அந்த மாவட்டத்து எம்.பி.தான். மின்கட்டணத்தில் மிச்சமாவதைவிட வீட்டுக்கடனில் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்குமே என்று ஸ்டோக் நிலையத் தொகுப்பாளர் கேட்டபோது, பிரதமரிடமிருந்து சில விநாடிகள் பதிலே வரவில்லை. அந்த மௌனம் அப்படியே ஒலிபரப்பானது.

ஒவ்வொரு நிலையத்துக்கும் கிடைத்தது சில நிமிடங்கள்தான். அவற்றை அவர்கள் வீணடிக்காததற்குக் காரணம், அந்தத் தொகுப்பாளர்கள் தினமும் அந்த ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் என்பதே. எந்த மருத்துவமனையில் எந்த வார்டு ஒழுகுகிறது என்பதை அவர்களுக்கு யாரும் குறிப்பெழுதித் தர வேண்டியதில்லை.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 31-ம் தேதி, இந்த நிலையங்களைச் சுருக்கும் திட்டத்தை பிபிசி நிர்வாகம் அறிவித்தது. இங்கிலாந்தில் உள்ள 39 உள்ளூர் நிலையங்களும் வாரநாட்களில் பிற்பகல் 2 மணிவரைதான் தனித்தனியாக ஒலிபரப்பும். அதற்குப் பிறகு அண்டை நிலையங்களோடு பொது நிகழ்ச்சி. மாலையில் இன்னும் பெரிய பரப்புகளுக்கு ஒன்று. இரவு 10 மணிக்குமேல் இங்கிலாந்து முழுமைக்கும் ஒன்றே ஒன்று. நிகரக் கணக்கில் 48 பணியிடங்கள் போகும் என்றது அறிவிப்பு. பல்லாண்டுகளாக ஒரே ஊரில் பேசிவந்தவர்கள், தங்கள் வேலைக்குத் தாங்களே மறுபடியும் விண்ணப்பித்து, மாதிரிக் குரல்பதிவும் அனுப்ப வேண்டியிருந்தது.

இதைப் பிரதமர் பேட்டிக்கான பழிவாங்கல் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. காலை நேரத்தை பிபிசி தொடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிர்வாகத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. பிபிசிக்காக மக்கள் ஆண்டுதோறும் கட்டும் உரிமக் கட்டணத்தை 159 பவுண்டிலேயே இரண்டு ஆண்டுகள் நிறுத்திவைத்தது அரசு. விலைவாசி ஏற, கையிலிருந்த பணம் குறைந்தது. நேயர்களில் ஒரு பகுதியினர் கைபேசிக்கு மாறிவிட்டார்கள். செய்தியாளர்களும் அங்கே போகத்தான் வேண்டும் என்றது நிர்வாகம். பணமில்லை என்பது உண்மையான சிக்கல். அதைத் தீர்க்க எதை வெட்டுவது என்பதை யார் முடிவு செய்தார்கள் என்பதே நம் கேள்வி.

உள்ளூர் வானொலியை நம்பியிருப்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். பலர் தனியாக வாழ்பவர்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது, வீட்டோடு முடங்கிய முதியவர்களுக்கு இலவசமாக வானொலிப் பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இதே பிபிசிதான். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வடக்கு இங்கிலாந்தைப் புரட்டிப் போட்டபோது, சில பகுதிகளில் ஒரு வாரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லை. இணையமும் இல்லை. பேட்டரியில் ஓடும் வானொலிதான் துணை. புயல் பிற்பகல் 2 மணிக்கு முன்பாகவே வந்துபோக வேண்டும் என்று எந்த நிர்வாகமும் உத்தரவு போட முடியாது.

2023 மார்ச்சிலும் ஜூனிலும் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எல்லாக் கட்சி எம்.பி.க்களும் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார்கள். நிர்வாகம் சில இடங்களில் இறங்கிவந்தது. திட்டத்தின் உடலை விட்டுக்கொடுக்கவில்லை. உரிமக் கட்டணம் கட்டுகிற நேயர், கடைசிவரை வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவராகவே இருந்தார்.

நேயர்கள் உள்ளே வந்த ஊரும் உண்டு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் இருக்கும் கேபிஎஃப்ஏ நிலையம் 1949 ஏப்ரல் 15 முதல் ஒலிக்கிறது. விளம்பரம் இல்லை, நேயர்கள் அனுப்பும் பணத்தில் நடப்பது. 1999 மார்ச் இறுதியில், அதன் உரிமையாளரான பசிஃபிகா அறக்கட்டளை, ஊழியர்களின் மதிப்பைப் பெற்றிருந்த மேலாளரை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் அனுப்பியது. அதைப்பற்றி ஒலிபரப்பில் பேசக் கூடாது என்றது. பேசிய மூத்த தொகுப்பாளர் வேலையை இழந்தார். ஜூலை 13-ம் தேதி இன்னொருவர் இதே விவகாரத்தைத் தன் நிகழ்ச்சியில் ஒலிபரப்பினார். அவரை நிலையத்திலிருந்து வெளியேற்ற முயன்ற கூச்சலும் தள்ளுமுள்ளும் ஒலிபெருக்கி வழியாக வீடுகளுக்குள் கேட்டன. அன்று இரவே நிலையத்தின் வாசலில் கூட்டம் கூடியது. நிர்வாகம் நிலையத்தை இழுத்துப் பூட்டிவிட்டுப் பழைய ஒலிப்பதிவுகளை ஓடவிட்டது. மாத முடிவில் சுமார் 10,000 பேர் பெர்க்லி வீதிகளில் ஊர்வலம் போனார்கள். ஒரு வானொலி நிலையத்துக்காக! பூட்டு திறந்தது. வழக்குகள் நடந்து, சில ஆண்டுகளில் நேயர்களும் ஊழியர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நிலையக் குழு என்ற ஏற்பாடும் வந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அதே அறக்கட்டளையின் நியூயார்க் நிலையமான டபிள்யூபிஏஐ கடனில் தத்தளித்தது. 2019 அக்டோபர் 7-ம் தேதி தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்து உள்ளூர் நிகழ்ச்சிகளை ஒரே நாளில் நிறுத்தி, ஊழியர்களை அனுப்பிவிட்டு, வேறு ஊர்களில் தயாரித்த நிகழ்ச்சிகளை ஓடவிட்டார்கள். நீதிமன்றம் போய் ஒரு மாதம் கழித்துத்தான் நியூயார்க் குரல்கள் திரும்பின. நேயர்களின் வாக்கு கடனை அடைத்துவிடாது. ஆனால், கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டு என்று கேட்கும் உரிமையை அது தருகிறது. நிர்வாகத்தின் பொறுமை தீர்ந்ததும் பறிபோனது அந்த உரிமைதான்.

நமக்கு இதில் என்ன என்று தமிழ்நாட்டு வாசகர் கேட்கலாம். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30-ம் தேதி நாகர்கோவிலில்தான் தொடங்கியது. அதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு நிலையம் தன் மாவட்டத்தோடு பேசினால் என்ன நடக்கும் என்பதைத் திருச்சி காட்டியிருந்தது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தை எப்படி நடுவது, எப்போது உரம் வைப்பது என்று திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு விளக்க, தஞ்சை விவசாயிகள் அந்த ரகத்துக்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். டெல்லியிலிருந்து ஒரே குரலில் பேசியிருந்தால் அந்தப் பெயர் கிடைத்திருக்காது. காவிரித் தண்ணீர் எந்த வாய்க்காலில் எப்போது வரும் என்று தெரிந்தவர்கள் பேசியதால் கிடைத்தது.

இங்கிலாந்தைவிட இங்கே ஆபத்து கூடுதல். அங்கே பிபிசி சுருங்கினால், ஊர்ச் செய்தி சொல்லத் தனியார் வானொலிக்குத் தடையில்லை. இங்கே தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. ஆகாசவாணியின் செய்தியறிக்கையை அப்படியே எடுத்து ஒலிபரப்பத்தான் அனுமதி. சமுதாய வானொலிகளுக்கும் கட்டுப்பாடுதான். ஆக, மாவட்ட ஆட்சியரையோ மின்வாரியப் பொறியாளரையோ ஒலிவாங்கிக்கு முன் உட்காரவைத்து, குடிநீர் ஏன் வரவில்லை என்று ஊர் சார்பில் கேட்கக்கூடிய வானொலி, ஏறக்குறைய ஆகாசவாணியின் மாவட்ட நிலையம் ஒன்றுதான். அந்த நிலையத்தின் நேரத்தைத் தலைநகர நிகழ்ச்சிக்குக் கொடுப்பதோ, ஓய்வுபெற்ற அறிவிப்பாளரின் இடத்தை நிரப்பாமல் விடுவதோ, பொறுப்பு இயக்குநரைக் கொண்டே காலம் தள்ளுவதோ அலுவலக நிர்வாகம் என்ற கணக்கில் முடிந்துவிடக் கூடாது. மாவட்டத்தின் வாயை அடைக்கும் வேலை அது.

இந்த நாளிதழின் நிலை தெளிவானது. மக்கள் பணத்தில் நடக்கும் எந்த வானொலி நிலையத்திலும், உள்ளூர் நேரத்தைக் குறைப்பதற்கோ வேறு நிலையத்தோடு இணைப்பதற்கோ முன்பாக, அந்த முடிவை அதே நிலையத்தின் ஒலிபரப்பிலேயே மூன்று மாதங்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். எவ்வளவு மிச்சமாகும், யாருக்கு என்ன போகும் என்ற கணக்கைத் தமிழில் வெளியிட வேண்டும். அந்த ஊரிலேயே கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். மீனவரும் விவசாயியும் வரக்கூடிய நேரத்தில், இணையப் படிவத்தோடு நின்றுவிடாமல். மாற்றத்தைப் பற்றி நிலையத்துக்குள் இருப்பவர்கள் ஒலிபரப்பில் பேசுவதற்குத் தடை கூடாது. இருபது வருடம் காதில் ஒலித்த குரல் ஒரு திங்கட்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால், அது நேயருக்குச் செய்யும் அவமரியாதை. விடைபெற ஒரு நிகழ்ச்சி கொடுப்பதற்குப் பணம் எதுவும் ஆகாது.

இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. மக்களின் புகார்களைக் கேட்பதற்காக ஒலிபரப்பு மன்றம் ஒன்றை அமைக்க ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதிக்கான 1990-ம் ஆண்டுச் சட்டமே வழிசெய்தது. அந்த மன்றத்துக்கு உயிர்கொடுத்து, நிலையங்களின் நிர்வாக மாற்றங்களை அதன்முன் வைத்தால் போதும். கூடவே, தனியார் பண்பலைகள் மணிக்கு 10 நிமிடம் செய்தி ஒலிபரப்பலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் செய்த பரிந்துரையை மத்திய அரசு ஏற்க வேண்டும். ஒரு நிலையம் சோர்ந்தால் ஊரின் கேள்வியை இன்னொரு நிலையமாவது கேட்கும்.

தமிழ்நாட்டு எம்.பி.க்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தங்கள் தொகுதியின் வானொலி நிலையத்தில் இன்று எத்தனை பணியிடங்கள் காலி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உள்ளூர் நிகழ்ச்சி ஒலிக்கிறது என்ற இரண்டு கேள்விகளை ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்தொடரிலேயே எழுத்துமூலம் கேட்கட்டும். பிரசார் பாரதி அவற்றுக்கு நிலையவாரியாகப் பதில் தரட்டும், நாகர்கோவிலிலிருந்தே தொடங்கலாம்.