காகிதத் தட்டில் ஆறு தோட்டா

இரவு 11 மணிக்கு மேல் போன் அடித்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று சாவு, இன்னொன்று அமெரிக்கா. போன வாரம் அடித்தது இரண்டாவது வகை. பேசியவர் என் பழைய ஆபீஸ் நண்பர். ஜெயநகரில் நாலு தெரு தள்ளி இருக்கிறார். ரிட்டயரான பிறகு பூஜை, வாக்கிங், ரத்த அழுத்தம்.

"ஸார், பையன் துப்பாக்கி வாங்கப் போறானாம்."

பையனுக்கு 34 வயது. ஐடஹோ மாநிலத்தில் பாய்ஸி என்ற ஊரில் சிப் தயாரிக்கும் கம்பெனியில் எஞ்சினியர். பச்சை அட்டை வாங்கியாகிவிட்டது. கூட வேலை பார்க்கும் அமெரிக்கர்கள் ஒவ்வொரு அக்டோபரிலும் எல்க் வேட்டைக்குப் போகிறார்கள், இவனும் போகிறான். எல்க் என்பது நம் கடமானுக்குப் பெரியண்ணன். ஆண் 300 கிலோ சர்வ சாதாரணம். இதை அவன் ரைஃபிளால் சுடப் போவதில்லை, ரிவால்வரால் சுடப் போகிறானாம்.

"நீங்கதான் இதையெல்லாம் படிக்கறவராச்சே, கொஞ்சம் பேசி நிறுத்துங்கோ" என்றார்.

மறுநாள் காலை பையனே கூப்பிட்டான். "அங்கிள், 300 கஜத்துல நின்னு டெலஸ்கோப் வழியா சுடறது வேட்டையே இல்ல. கிட்டப் போகணும், அதுக்குத்தான் ரிவால்வர். .44 வாங்கறதா, .454 வாங்கறதா, .500 வாங்கறதா, அதை மட்டும் சொல்லுங்க."

நிறுத்துவது என் வேலை இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அங்கே 21 வயதானவர் கடையில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, ஒரு படிவம் நிரப்பி, பின்னணி விசாரணையில் பழுதில்லை என்றால் கைத்துப்பாக்கி வாங்கலாம். தற்காலிக விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, ஆனால் வேட்டை லைசென்ஸ் இருந்தால் கூடும் என்று ஒரு வினோத விதிவிலக்குகூட அவர்கள் சட்டத்தில் இருக்கிறது.

நமக்கு இந்தச் சிக்கல் இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஏறக்குறைய முடித்துவைத்தது, 1991 திருத்தம் மிச்சத்தையும் முடித்தது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை ரிவால்வர் .32. அதன் சக்தி இவன் கேட்கிற .44ல் பத்தில் ஒரு பங்குதான் தேறும். ஆனால் பெரிய மிருகத்துக்குப் பெரிய கைத்துப்பாக்கி என்ற யோசனைக்கு நம் நாட்டிலும் ஒரு பழைய கிளை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் யானை மேல் அம்பாரியில் உட்கார்ந்து புலி வேட்டைக்குப் போன வெள்ளைக்காரர்கள், காயம்பட்ட புலி யானை மேல் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, தடித்த இரட்டைக் குழல் பிஸ்டல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பெயரே ஹவுடா பிஸ்டல். ஹவுடா என்றால் அம்பாரி. வேட்டையாட அல்ல, தப்பிக்க. இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

ரிவால்வரையே வேட்டை ஆயுதமாக்கியது அமெரிக்கர்களின் பிடிவாதம். குறிப்பாக எல்மர் கீத் என்பவரின் பிடிவாதம். பையன் இருக்கும் அதே ஐடஹோவில், ஸாமன் என்ற ஊரில் பண்ணை வைத்திருந்தவர். பெரிய தொப்பி, சுருட்டு, எக்கச்சக்கமான தன்னம்பிக்கை. 1920களில் பழைய .45 கோல்ட் ரிவால்வரில் மருந்தை ஏற்றி ஏற்றிச் சுட்டு, சிலிண்டர் அவர் கையிலேயே வெடித்தது. வேறு யாராவது என்றால் விட்டிருப்பார்கள். கீத், சிலிண்டர் சுவர் தடிமனாக இருக்கும் .44 ஸ்பெஷலுக்கு மாறிக்கொண்டார். குண்டுக்குத் தானே ஒரு வடிவம் கொடுத்தார். கம்பெனிகளை வருஷக்கணக்கில் நச்சரித்தார். கடைசியில் 1955ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கியும், ரெமிங்டன் தோட்டாவும் சேர்ந்து .44 மேக்னம் பிறந்தது. அடுத்த வருஷமே ரூகர் கம்பெனியும் ஒன்று கொண்டுவந்தது.

(.44 என்பதே ஒரு பொய். குண்டை அளந்தால் .429 அங்குலம்தான் இருக்கும்.)

1971ல் கிளின்ட் ஈஸ்ட்வுட் ‘டர்ட்டி ஹாரி’யில் அந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனை நீட்டியதும் கடைகளில் அது கிடைக்காமல் போயிற்று. பிறகு அவையெல்லாம் ஒவ்வொன்றாக விற்பனைக்குத் திரும்பின. கூடவே 50 தோட்டாப் பெட்டி ஒன்று, அதில் 44 மிச்சம் என்று துப்பாக்கிக் கடைகளில் ஒரு கதை சொல்வார்கள். அதாவது வாங்கியவர் ஒரே ஒரு சிலிண்டர் சுட்டுவிட்டுக் கும்பிடு போட்டுவிட்டார். இந்தக் கதையைப் பையனுக்கு முதலில் சொன்னேன். சிரித்தான். பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

.44க்கு மேலே ஒரு ஏணி இருக்கிறது. டிக் கஸுல் என்பவர் 1950களில் உருவாக்கிய .454ஐ வயோமிங்கில் ஃப்ரீடம் என்ற ஊரில் உள்ள ஃப்ரீடம் ஆர்ம்ஸ் 1983ல் ஐந்து அறை ரிவால்வராகக் கொண்டுவந்தது. ஆறுக்குப் பதில் ஐந்து ஏனென்றால், அறைகளுக்கு இடையே இரும்பு தடிக்க வேண்டும். 2003ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .500ஐ இறக்கியது. நீளக் குழல் வைத்தது இரண்டு கிலோ. அரை அங்குல விட்டமுள்ள குண்டு. சக்தியில் .44ஐப் போல் இரண்டரை மடங்கு, வேட்டை ரைஃபிளைத் தொட்டுவிடும். பையனின் கண் இதன் மேல்தான்.

சக்தி என்ற சொல்லில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். .44 குண்டு 240 கிரெயின், நம் தட்டாசாரி கணக்கில் சுமார் 130 குன்றிமணி, பதினைந்தரை கிராம். விநாடிக்கு சுமார் 420 மீட்டர் வேகம். இது மிருகத்தை அடித்துத் தள்ளும் என்று சினிமா நினைக்கிறது. ஒன்பதாம் வகுப்பு பௌதிகப்படி பெருக்கி, 300 கிலோவால் வகுத்துப் பாருங்கள். எல்க் நகர வேண்டிய வேகம் விநாடிக்கு 2 சென்டிமீட்டர். எறும்பு ஊர்கிற மாதிரி. மேலும் நியூட்டன் இரண்டு பக்கமும் பார்ப்பவர். குண்டு அதைத் தள்ளினால் துப்பாக்கி உங்களையும் அதே அளவு தள்ளியாக வேண்டும்.

ரைஃபிள் குண்டு அசுர வேகத்தில் போவதால் தன் பாதையைச் சுற்றியுள்ள சதையையும் கிழித்துக்கொண்டு போகிறது. ரிவால்வர் குண்டுக்கு அந்த வேகம் கிடையாது. அது துளை மட்டும் போடும். துளை அகலமாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் புகுந்து இரண்டு நுரையீரலையும் கடந்து மறு பக்கம் வெளியேற வேண்டும். அதனால்தான் அனுபவசாலிகள் மிருதுவான, பூப்போல விரியும் குண்டை விட்டுவிட்டு, கடினமாக்கிய ஈயத்தில் தட்டை மூக்கு வைத்து வார்த்த கனமான குண்டையே பெரிய மிருகத்துக்கு எடுத்துப்போகிறார்கள். கீத் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். நல்ல .44 குண்டு சரியான இடத்தில் பட்டால் எல்க்கைத் துளைத்துவிடும். .500ம் துளைக்கும். துளைத்து வெளியேறியபின் எல்க்குக்குப் பின்னால் உள்ள மரத்தில் எத்தனை ஆழம் இறங்கியது என்பது எல்க்குக்கு அநாவசியம்.

இடம் தப்பினால்? இங்கே என் சொந்தக் கதை ஒன்று.

1969ல் குடகில் ஒரு சக ஊழியர் வீட்டுக்குப் போயிருந்தேன். துப்பாக்கி வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும் ஊர். சாயங்காலம் காபித் தோட்டத்தில் காட்டுப் பன்றி ஒன்றை அவருடைய உறவினர் சுட்டார். நல்ல சுடுநர் என்று பெயர். அன்றைக்குக் கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது. பன்றி விழவில்லை, போய்விட்டது. காபி இலைகளில் ரத்தம். முதலில் இலைக்கு இலை, பிறகு பத்தடிக்கு ஒரு சொட்டு, பிறகு ஒன்றும் இல்லை. டார்ச் வைத்துக்கொண்டு ஒன்பது மணி வரை தேடினோம். யாரும் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் ஓடைப் பக்கம் காக்கை கூடியதைப் பார்த்துப் போனார்கள். அவ்வளவு நேரம் அது உயிரோடு எத்தனை மணி இருந்தது என்று நான் கேட்கவில்லை. சுட்டவர் அன்று சாப்பிடவில்லை.

இதைப் பையனிடம் சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

துப்பாக்கி பெரிதாக ஆக இடம் தப்புவதும் அதிகமாகிறது. காரணம் உதை. .500 உதைப்பது .44ஐப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. பத்துத் தோட்டா சுட்டால் கை பதினோராவதற்கு முன்பே பயந்து, விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடிக் குழலைக் கீழே தள்ளிவிடும். இது கோழைத்தனம் இல்லை, நரம்பின் சுபாவம். ஒருமுறை பழகிவிட்டால் போக்குவதற்கு மாதக்கணக்கு ஆகும். .500ஐ முதல் முறை சுடுகிறவருக்கு ஒரே ஒரு தோட்டா போட்டுக் கொடுப்பது வழக்கம். உதைத்து மேலே எகிறும்போது, தெரியாமலே விரல் இரண்டாவதையும் சுட்டுவிடுவது உண்டு. அப்போது குழல் எங்கே பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் சில. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அதன் வழியே பீறிடும் வாயு விரலை வெட்டும், எனவே ரைஃபிள் மாதிரி முன்னால் கை வைத்துப் பிடிக்கக் கூடாது. காதடைப்பு இல்லாமல் ஒரு தடவை சுட்டாலே காது கெடலாம். எடை குறைந்த, டைட்டானியம் சிலிண்டர் வைத்த .44கள் இடுப்புக்குச் சுகம், கைக்கு நரகம். அவற்றில் உதையின் வேகத்தில் சுடாத தோட்டாவின் குண்டுகளே முன்னால் நழுவி, சிலிண்டர் சுற்றாமல் மாட்டிக்கொள்ளும். பழைய ரூகர் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால், அது 1973க்கு முந்தியதா என்று பார்க்க வேண்டும். முந்திய மாடலில் சுத்தியலின் கீழ் தோட்டா இருந்தால், கீழே விழும்போது வெடிக்கலாம். ஆறு அறையில் ஐந்துதான் நிரப்புவார்கள். கம்பெனியே இலவசமாக மாற்றிக் கொடுக்கிறது.

"கரடி வந்தா அங்கிள்? அதுக்காவது .500 வேண்டாமா?"

கரடிக்கு மிளகாய் ஸ்ப்ரே என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை ஆராய்ந்தவர்கள், பழுப்புக் கரடிகளில் 92 சதவீதத்தை அந்த ஸ்ப்ரே அடக்கியதாகக் கண்டார்கள். நம் அடுப்பங்கரைச் சரக்குக்கு வேறு சர்டிஃபிகேட் வேண்டுமா?

நான் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான். .44 போதும். ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் மாதிரி ஒன்று, ஏழரை அங்குலக் குழல், ஒன்றரை கிலோவுக்குக் கிட்ட. அதன் வளைந்த பிடி உதையை உள்ளங்கையில் உருட்டி விடும். அதே துப்பாக்கியில் மெதுவான .44 ஸ்பெஷல் தோட்டாவும் போகும், முதல் ஆறு மாதம் அதை வைத்துப் பழகலாம். ஆனால் வாங்குவதற்கு முன், வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுகளத்தில் இரண்டையும் சுட்டுப் பார். பிறகு ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டு. ஏறக்குறைய அந்த அகலத்துக்குள்தான் பட வேண்டும். எந்தத் தூரத்தில் ஆறுக்கு ஆறும், ஒவ்வொரு தடவையும், தட்டில் விழுகிறதோ அதுதான் உன் தூரம். அது 30 கஜம் என்றால் 31ல் நிற்கும் எல்க் உனக்கு இல்லை. தட்டு ஓடாது, மூச்சு வாங்காது, திரும்பிப் பார்க்காது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

நேற்று வாட்ஸப்பில் படம் அனுப்பியிருந்தான். வாடகை .500ல் இரண்டு சுட்டானாம். முதலாவது தட்டின் ஓரத்தில். இரண்டாவது எங்கே போனதென்று சுடுகளத்துக்காரருக்கும் தெரியவில்லை. .44 ஸ்பெஷலில் 25 கஜத்தில் ஆறுக்கு ஐந்து. 50ல் மூன்று. ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் பேனாவால் நம்பர் போட்டிருந்தான், தட்டுக்கு வெளியே போனவற்றுக்கு அம்புக்குறி. கீழே ஒரு வரி: ‘இந்த வருஷம் ரைஃபிள்தான் அங்கிள். அடுத்த வருஷம் பார்க்கலாம்.’

நண்பருக்குப் போன் செய்து சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"அது சரி ஸார். 300 கிலோ. அவ்வளவையும் யார் சாப்பிடறது?"

சாப்பிடக்கூடிய இறைச்சியை வீணாக்குவது ஐடஹோவில் குற்றம் என்றேன்.

"அவ அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லலை" என்று போனை வைத்துவிட்டார்.