மே முதல் நாளும் தச்சர் சூசையப்பரும்

நாட்காட்டியைச் சுவரிலே தொங்கும் வெறும் தாள் என்றே எண்ணிவிடுகிறோம். கிழிக்கிறோம், எறிகிறோம், அடுத்த தாளைப் பார்க்கிறோம். அந்தத் தாளிலே எந்த நாளுக்குச் சிவப்பு எழுத்து, எந்த நாளுக்குக் கறுப்பு எழுத்து என்று தீர்மானித்தவர் யார்? உழைப்பாளி எந்த நாளில் ஓயலாம், எந்த நாளில் அவன் கணக்கு முடிக்கப்படும், எந்த நாளில் அவன் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும் என்று எழுதி வைத்தவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடுவோர், ஐரோப்பாவின் பாட்டாளியைப் பல நூற்றாண்டுக் காலம் தன் சக்கரத்திலே சுழல வைத்த கத்தோலிக்கத் திருச்சபையின் ஆண்டைப் பார்த்தே தீரவேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரியிலே பிறப்பதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்காவது ஞாயிறன்று, திருவருகைக் காலத்தோடு பிறக்கிறது. அப்போது குருவானவர் அணிவது ஊதா உடை. பிறப்பு விழா வந்ததும் வெண்ணிற உடை. பின்னர் விபூதிப் புதன், நெற்றியிலே சாம்பல், நாற்பது நாள் தவக்காலம். குருத்து ஞாயிறு, பெரிய வெள்ளி, அதன்பின் பாஸ்கா. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே பாஸ்கா. ஆகவே அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே எங்கேனும் விழும். அதிலிருந்து ஐம்பதாம் நாள் பெந்தெகோஸ்தே. பிறகு பச்சை நிறத்தோடு நீண்ட பொதுக்காலம். அதன் கடைசி ஞாயிறு கிறிஸ்து அரசர் விழா.

பக்தருக்கு இது வழிபாட்டுச் சக்கரம். அந்த நம்பிக்கையைப் பழிப்பது நம் நோக்கமல்ல. ஆனால் ஏர் பிடித்தவனுக்கும், கல் சுமந்தவனுக்கும் அது வேறொன்றாகவும் இருந்தது. அதுவே அவனுடைய கூலிக் கணக்கு. அதுவே குத்தகைக் கணக்கு!

வட இத்தாலியிலே போ ஆற்றின் சமவெளியைப் பாருங்கள். பண்ணை உழவரின் ஒப்பந்தம் நவம்பர் 11 அன்று, புனித மார்ட்டின் திருநாளிலே முடியும். பிச்சைக்காரனுக்குத் தன் மேலாடையை வெட்டிப் பாதி கொடுத்தவர் என்று போற்றப்படும் அந்த மார்ட்டினின் நாளிலேதான், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத உழவன் பாயையும் பானையையும் வண்டியிலே ஏற்றிப் பிள்ளை குட்டிகளோடு புறப்படுவான். அங்கே ‘சான் மார்ட்டினோ செய்வது’ என்றால் வீடு மாறிப் போவது என்றே பொருள் ஆகிவிட்டது. இங்கிலாந்திலோ, மார்ச் 25ஆம் நாளாகிய மாதா திருநாளும், செப்டம்பர் 29ஆம் நாளாகிய புனித மிக்கேல் திருநாளும் வாடகையும் குத்தகையும் கட்ட வேண்டிய தவணை நாட்கள்!

நன்மையும் உண்டு, மறைக்க மாட்டோம். ஞாயிறன்றும் கடன் திருநாட்களிலும் உடலுழைப்பு வேலை கூடாது என்று திருச்சபை விதித்தது. ‘இன்று ஏர் பூட்டாதே’ என்று சொல்ல உழவனுக்கு வாயில்லாத காலத்திலே, அவனுக்காக ஆலயமணி சொல்லிற்று. அது சிறிய காரியமல்ல. ஆனால் மணி ஓய்வைத் தந்ததே ஒழிய, கூலியைத் தரவில்லை. நாட்கூலிக்காரனுக்குக் கூலியில்லாத ஓய்வு நாள், அடுப்பெரியாத நாளல்லவா?

தந்த ஓய்வாவது நிலைத்ததா? 1642இல் போப்பாண்டவர் எட்டாம் உர்பான், ஆங்காங்கே பெருகிக் கிடந்த திருநாட்களைக் குறைத்து, ஞாயிறுகள் நீங்கலாக முப்பதுக்கு மேற்பட்ட நாட்களைக் கொண்ட ஒரே பட்டியலாக்கினார். 1911இல் பத்தாம் பத்திநாதர் அவற்றை எட்டாகச் சுருக்கினார். அப்போது பட்டியலிலிருந்து நீங்கியவற்றுள் மார்ச் 19, சூசையப்பர் திருநாளும் ஒன்று. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலே அது மீண்டும் சேர்ந்தது, எட்டு பத்தாயிற்று. எழுதிய கை அழித்தது. அழித்த கை மறுபடி எழுதிற்று. ஓய்வு பெற்றவனைக் கேட்டு எழுதவுமில்லை, கேட்டு அழிக்கவுமில்லை.

இப்போது எவரும் எழுதித் தராத ஒரு நாளுக்கு வருவோம்.

1886 மே முதல் நாள், எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிகாகோவிலே நான்கு நாட்களில் குண்டு வெடித்தது, துப்பாக்கி பேசிற்று, வழக்கு நடந்தது. 1887 நவம்பர் 11 அன்று தொழிலாளர் தலைவர்கள் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். ஆம், அதே மார்ட்டின் திருநாள்! ஏழைக்கு மேலாடை ஈந்தவரின் நாளிலே, ஏழைக்காக வாதாடியவர்களுக்குத் தூக்குக் கயிறு! 1889இல் பாரிசிலே கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு அறைகூவல் விடுத்தது. 1890 முதல் மே நாள் பல நாடுகளின் நாளாயிற்று. மறு ஆண்டே, 1891 மே 15 அன்று, போப்பாண்டவர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் விடுத்தார். நியாயமான கூலி வேண்டும், ஓய்வு வேண்டும், சங்கம் அமைக்கலாம் என்றார்.

1923இல் முசோலினியின் ஆட்சி இத்தாலியிலே மே நாளை ஒழித்தது. ரோம் நகரம் பிறந்த நாள் என்று கூறி ஏப்ரல் 21ஐத் தொழிலாளர் தலையிலே கட்டியது. அதே 1923இல்தான் நம் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். அங்கே அணைத்தார்கள், இங்கே ஏற்றினோம்! பாசிசம் வீழ்ந்தது, இத்தாலியிலும் மே நாள் மீண்டது.

மீண்ட அந்த நாளைத் திருச்சபையால் பாராமுகமாக விட முடியவில்லை. 1955 மே முதல் நாள், ரோமாபுரியிலே இராயப்பர் சதுக்கத்திலே, இத்தாலியக் கத்தோலிக்கத் தொழிலாளர் முன்னிலையில், போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார்: இனி மே 1, தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாள்! உளி பிடித்த தச்சருக்குப் பட்டறைக் கோலத்திலேயே ஒரு பெருவிழா.

அதுவரை அந்த நாளுக்கு உரியவர்கள் பிலிப்பு, யாகப்பர் எனும் இரு அப்போஸ்தலர்கள். அவர்கள் மே 11க்கு நகர்த்தப்பட்டனர். அறுவடை செய்தவனின் கூலியைப் பிடித்துவைக்கும் செல்வரைக் கண்டிக்கும் நிருபம் ஒன்று வேதாகமத்திலே உண்டு. மேற்கத்தியத் திருச்சபை மரபு அதை இந்த யாகப்பருடையது என்றே கொண்டது. கூலிக்காகக் குரல் கொடுத்தவர் இடம்பெயர, கூலி கேட்டதாக எந்தக் கதையிலும் வராத தச்சர் அமர்த்தப்பட்டார். இதைத் தற்செயல் என்போர் சொல்லட்டும். நாம் எண்ணிப் பார்ப்போம்.

இதிலே நமக்குப் பெருமையும் உண்டு. ஆலைவாயிலிலே பிறந்த நாளை ஆலயத்திலே ஏற்றியாக வேண்டிய நிலையைத் தொழிலாளர் உருவாக்கினர். செங்கொடி அசைந்தது, அப்போஸ்தலர் பீடமும் சற்றே நகர்ந்தது!

ஆனால் அடுத்து நடந்ததையும் மறவாதீர். பதினான்கே ஆண்டுகள். 1969இல் ஆறாம் சின்னப்பர் ஆண்டுச் சக்கரத்தைத் திருத்தியபோது, முதல்தரப் பெருவிழாவாக இருந்த தொழிலாளர் சூசையப்பர் நாள், விரும்பினால் கொண்டாடலாம் என்னும் சாதாரண நினைவு நாளாக இறங்கிற்று. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் கடன் திருநாட்கள் பத்து. அந்தப் பத்திலே மே 1 இல்லை. உழைப்பாளியின் பெயரால் வைத்த நாள், உழைப்பாளிக்கு ஓய்வை விதிக்கும் நாளாகவில்லை.

மேலிருந்து வழங்கிய நாளை மேலிருந்தே இறக்கலாம். கீழிருந்து எடுத்த நாளை அப்படி இறக்க முடியாது, எடுத்தவர்கள் கண்ணயராத வரை!

அந்தக் கண்விழிப்புக்கும் திருச்சபையிடம் ஒரு பாடம் உண்டு. தன் ஆண்டை அது ஏட்டிலே மட்டும் எழுதவில்லை. நெற்றிச் சாம்பலாகவும், கைக் குருத்தாகவும், வெள்ளிக்கிழமை ஒருசந்தியாகவும் வீட்டுக்குள் எழுதியது. நாமோ மே முதல் நாள் கொடியேற்றுகிறோம், முழங்குகிறோம், மிட்டாய் தருகிறோம். மறுநாள் பத்தாவது மணி நேரத்திலும் பட்டறையிலே குனிந்து நிற்கிறோம்! எட்டு மணி நேரம் எதற்காகக் கேட்கப்பட்டது, நால்வர் எதற்காக மாண்டனர் என்று நம் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியுமா? தெரியாவிடில் மே நாளும் ஒருநாள் கிழித்தெறியும் தாளாகிவிடும்.

சொல்லுங்கள் தோழர்களே, வீட்டிலே சொல்லுங்கள்! மணி பார்த்து வேலையை விடுங்கள். மிகுந்த நேரத்துக்கு மிகுந்த கூலி கேளுங்கள். சிவப்பு எழுத்தைக் காக்க வேறு காவலர் வரமாட்டார்.