பாடத்தை முந்தும் முகூர்த்தம்

கோலார் தங்கவயலின் தமிழர் குடியிருப்புகளில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். பத்திரிகை அடிப்பார்கள். பந்தல் போடுவார்கள். தாய்மாமன் சீர்வரிசையோடு வருவார். ஒலிபெருக்கி தெருவையே அதிர வைக்கும். சடங்கு முடிந்து பெண் பள்ளிக்குத் திரும்பும்போது நிலைமை தலைகீழ். அவள் உடம்பில் நடந்தது என்ன என்று விளக்க வேண்டிய இடத்தில், “அந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். விழாவாக எடுத்தால் பெருமை, பாடமாக நடத்தினால் ஆபாசம்.

இந்த முரண்பாடு தங்கவயலுக்கு மட்டும் சொந்தமல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். எய்ட்ஸ் பயம்தான் பின்னர் பள்ளிக்கூடக் கதவையும் தட்டியது. 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில் எதிர்ப்பு வெடித்தது. படங்கள் பச்சையாக இருக்கின்றன, பண்பாடு கெடும் என்ற கூக்குரலுக்கிடையே 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசத்தோடு கர்நாடகமும் இந்தக் கல்வி வேண்டாம் என்றது.

2009இல் வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்றது. எய்ட்ஸ் போன்ற பாடங்களைப் பிளஸ் டூ கட்டத்தில் உயிரியலோடு சேர்த்தால் போதும் என்பது அதன் பரிந்துரை. ஆனால் உடம்பு பிளஸ் டூ வரை காத்திருப்பதில்லை. சமூகமும்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 21.3 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள். தமிழ்நாட்டில் இது 12.8 சதவீதம். இவர்களில் பலருக்குப் பாடம் வருமுன்னே முகூர்த்தம் வந்துவிட்டது.

‘இதையெல்லாம் வீட்டில் சொல்லித்தரட்டும்’ என்பது எதிர்ப்பாளர்களின் நிரந்தர வாதம். எந்த வீட்டில்? 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, தங்கவயலில் ஆயிரக்கணக்கானோருக்குப் பிழைப்பு பெங்களூரில். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் விடிவதற்குள் ரயிலைப் பிடிக்கும் அப்பாவும் அம்மாவும் இருட்டிய பிறகே திரும்புகிறார்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் சோறு பொங்குவார்களா, பிள்ளைகளுக்கு உடற்கூறு விளக்குவார்களா? தவிர, அவர்களுக்கும் இதை யாரும் சொல்லித்தந்ததில்லை. காலியான வீட்டில் வாத்தியார் வேலை பார்ப்பது செல்போன்.

ஆசிரியர்களைக் குறை சொல்வது எளிது. பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், நிர்வாகம் கைவிட்டுவிடும், கோயிலிலும் சர்ச்சிலும் பேச்சு கிளம்பும் என்ற பயத்தோடு வகுப்பில் நிற்பவர் அவர். மொழியும் கைகொடுப்பதில்லை. தமிழில் அந்த உறுப்புகளுக்குத் தெருச்சண்டையில் ஒரு சொல், மருத்துவப் புத்தகத்தில் ஒரு சொல். நடுவில் ஒரு குழந்தை கூச்சமின்றிச் சொல்லக்கூடிய சொல் புழக்கத்தில் இல்லை. இது சின்ன விஷயமல்ல. குழந்தைகளைப் பாதுகாக்க 2012இல் போக்சோ சட்டம் வந்தது. தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லப் பிள்ளையிடம் வார்த்தையே இல்லையென்றால் சட்டம் என்ன செய்யும்?

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மீதான மேல்முறையீட்டில் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வி மேல்நாட்டுச் சரக்கு, இளைஞர்களைக் கெடுத்துவிடும் என்பதெல்லாம் தவறான எண்ணங்கள் என்றது. ஜார்க்கண்டின் ‘உடான்’ திட்டத்தை உதாரணமாகக் காட்டியது. ‘உடான்’ என்றால் பறத்தல். பெயரில் ‘செக்ஸ்’ இல்லை. பாடத்தில் உண்மை இருக்கிறது.

பள்ளிக்கு ஓர் ஆசிரியர், ஓர் ஆசிரியைக்கு உடல்நலப் பயிற்சி தரும் மத்தியத் திட்டம் 2020இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் அந்த இருவருக்கும் பின்னால் பெற்றோர் நிற்காதவரை பயிற்சி ஏட்டோடு நின்றுவிடும். பாடம் நடத்துவதற்கு முன் அதைப் பெற்றோரிடம் காட்டி, சந்தேகம் தீர்த்து, சம்மதம் வாங்க வேண்டும். தங்கவயலில் அதற்கான கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைப்பது நல்லது. அன்றைக்குத்தான் பெரும்பாலான பெற்றோர் ரயிலில் இல்லாமல் ஊரில் இருப்பார்கள்.