ஒருநாட் செலவு

செலவு என்னுஞ் சொல்லுக்குத் தமிழிற் பொருள் இரண்டு. வழிச்செல்லுதல் ஒன்று, கைப்பொருள் கழிதல் மற்றொன்று. காலையிற் புறப்பட்டு இரவில் மீளும் உல்லாசப் பிரயாணத்தில் இவ்விரு பொருளுள் எது மிக்கு நிற்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம். அதற்கு நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள மில்ஃபோர்டு சவுண்டு என்னும் இடத்தைச் சான்றாகக் கொள்வாம். யாம் அவ்விடஞ் சென்றறியோம். நூல்வாயிலாகவும் படவாயிலாகவும் அறிந்தனவற்றையே கூறுகின்றோம்.

பண்டைக்காலத்திற் பனியாறுகள் மலைகளை அரித்து ஆழ்ந்த பள்ளத்தாக்குகளை ஆக்கின. பின்னர்ப் பனி உருகியொழியக் கடல் அவற்றுட் புகுந்தது. இங்ஙனம் தோன்றிய நீண்டு குறுகிய கடற்கழியையே ஃபியோர்டு என்பர். மில்ஃபோர்டும் அத்தகையதே. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உள்நோக்கி நீண்ட அக்கழியின் கரையில் மைட்டர் சிகரம் நீரினின்றே எழுந்து 1,600 மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கின்றது. ஆண்டுதோறும் 6 மீட்டருக்கு மேல் மழை பொழிகின்றது. அம்மழைநீர் காட்டுத் தழைகளின் சாறேறித் தேநீர் நிறம் பெற்றுக் கடல்நீரின்மேல் ஒரு படலமாய்ப் பரவுகின்றது. அப்படலம் ஒளியைத் தடுத்தலின், ஆழ்கடலுக்குரிய கரும்பவளமும் அங்கே அதிக ஆழமில்லா நீரில் வளர்கின்றது. மாவோரி மக்கள் இவ்விடத்திற்கு இட்ட பெயர் பியோபியோதாஹி. தனித்த பியோபியோப் பறவை என்பது பொருள். அப்பறவையினம் இன்று இல்லை; பெயரே எஞ்சியது.

தனிமையைப் பெயரிற்கொண்ட இவ்விடத்திற்கு 2019-ஆம் ஆண்டில் வந்தோர் ஏறக்குறைய 8,70,000 பேர்! 1954-இல் ஹோமர் சுரங்கம் திறக்கப்பட்டபின் மோட்டார் வண்டிகளுக்கு வழி உண்டாயிற்று. குயின்ஸ்டவுன் நகரினின்று நேர்கோட்டில் அளந்தால் தூரம் 70 கிலோமீட்டர் அளவே. இடையில் மலைகள் நிற்றலின் சாலைவழியோ 290 கிலோமீட்டர் அளவாம். போக நான்கு மணி, வர நான்கு மணி. படகில் நீர்மேற் கழிவதோ பெரும்பாலும் இரண்டு மணிக்கு உட்பட்டதே. எல்லோருங் காலையிற் புறப்படுதலின் எல்லோரும் நண்பகலையொட்டி வந்து குவிகின்றனர். ஆதலின் நெருக்கடிக்குக் காரணம் மக்கட்டொகை மட்டுமன்று, நேரமும் ஆம்.

இதற்குப் பரிகாரம் யாது? கட்டணத்தை உயர்த்துக என்பர் சிலர். அந்நாட்டரசு 2019-இல் அயல்நாட்டுப் பிரயாணிகள் பலர்மீது 35 டாலர் வரி விதித்தது. 2024-இல் அதனை 100 டாலராக்கிற்று. இடத்தைப் பேணுதற்குப் பொருள் வேண்டும். அதனை வருவோரிடம் பெறுதல் நியாயமே. ஆயின், கூட்டத்தைத் தடுக்கும் வேலியாகக் கட்டணத்தை நாட்டுதல் நியாயமன்று. அவ்வேலி செல்வரைத் தடுக்காது, எளியோரையே தடுக்கும். மலையும் அருவியும் பணப்பை கனத்தோர்க்கே உரியன என்று விதித்தவர் யாவர்?

ஒருநாட் பிரயாணிகளை அறவே விலக்குக என்பர் வேறு சிலர். விரைந்து வந்து விரைந்து மீள்வோர் காட்சியின் அருமையை உணரார் என்பது அவர் வாதம். இதனையும் யாம் ஒப்போம். ஆண்டிற் சின்னாளே ஓய்வு பெறுந் தொழிலாளிக்கும், நெடுவழி நடக்கலாகாத முதியோர்க்கும் கிட்டுவது அவ்வொரு நாளே. அதனையும் பறித்தல் அறமாகாது.

எமது துணிபு இதுவே: ஆளை எண்ணுமுன் வண்டியை எண்ணுக. தனி மோட்டார்களைக் குறைத்துப் பொதுப் பேருந்துகளைப் பெருக்குக. வருவோரைக் காலை முதல் மாலை வரை பகிர்ந்து விடுக. அதன்மேலும் எல்லை வகுக்க வேண்டுமாயின், விலையால் வகாது முற்பதிவு வரிசையால் வகுக்க. இஃது இயலாத காரியமன்று. இக்கழியில் வந்து முடியும் 53 கிலோமீட்டர் நடைவழியில், பருவகாலத்திற் கைகாட்டியின்றித் தாமே நடப்போர் நாளொன்றுக்கு 40 பேரே புறப்பட விடப்படுகின்றனர். அங்கும் கட்டணம் உண்டு. ஆயினும் தொகையை வரையறுப்பது கட்டணமன்று, தங்குங் குடில்களிலுள்ள இடமே. நடப்போர்க்கு எல்லை தகுமாயின், மோட்டாரில் வருவோர்க்கு மட்டும் தகாதொழியுமோ?

இனி, செல்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. மழை கண்டு முகஞ்சுளிப்போர் பலர். மழைநாளிலன்றோ அப்பாறைகளெங்கும் எண்ணிறந்த புத்தருவிகள் இறங்குகின்றன! மழை ஓய்ந்து சிறிது நேரத்தில் அவை மறையும். படத்திற் கண்ட நீலவானையே நேரிலுங் காண விழைவோன், எட்டுமணி நேரம் வண்டியிலிருந்தும் எதிரே நிற்பதைக் காணாதவனாவான். ஒரு நாளே உடையோன் அந்நாள் தருவதை மனமுவந்து ஏற்கப் பழகல் வேண்டும்.

வழியைச் செப்பஞ்செய்தல் அரசின் கடன். விழியைத் திறத்தல் செல்வோர் கடன். இவ்விரண்டும் ஒருங்கு கூடின், ஒருநாட் செலவும் வரவாகும்.