வால்வைத் தேடாதீங்க, கோட்டைப் போடுங்க

போன மாசம் ரெண்டாம் வருஷ ஜூனியர் ஒருத்தன் கேட்டான்: "அண்ணா, மினி ப்ராஜெக்ட்டுக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் பண்றோம். டிஸ்டார்ஷன் கம்மியா இருக்கணும். எந்த வால்வு வாங்கலாம்?" கையில ஒரு லிஸ்ட் இருந்துச்சு. அதில் இருந்த ஒரு ஜோடி பழைய வெளிநாட்டு வால்வோட விலை, தறியில உட்காரும் அவன் அப்பாவோட பல நாள் கூலி. அதனாலதான் இதை எழுதுறேன்.

என் கருத்து இதுதான்: டிஸ்டார்ஷனை முடிவு பண்றது வால்வோட பேரு மட்டும் இல்ல. அதை எந்த இடத்துல, எந்த லோடோட ஓட்டுறோம் என்பதுதான் முக்கியம். காசு செலவாகுறதுக்கு முன்னாடி கிராஃப் ஷீட் செலவாகணும்.

நம்ம காஞ்சிபுரத்துல பட்டு எடுக்க வர்றவங்களுக்கு இது புதுசு இல்ல. விவரம் தெரிஞ்சவங்க கடை போர்டைப் பார்த்து ஜரிகையை நம்ப மாட்டாங்க. சுரண்டிப் பார்ப்பாங்க, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியுதான்னு. வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணச் சொல்வாங்க. வால்வு வாங்கும்போது மட்டும் நாம ஏன் பெட்டி மேல இருக்கிற பேரை நம்புறோம்?

ஒரு உதாரணம். 6எஸ்என்7, 12ஏயூ7 ரெண்டோட டேட்டா ஷீட்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. முதல்ல மியூ 20, அடுத்ததுல 17. ஆனோடு ரெசிஸ்டன்ஸ் ரெண்டுக்கும் சுமார் 7.7 கிலோ ஓம். எண்களை மட்டும் பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா வளைகோடுகளைப் பாருங்க. 6எஸ்என்7-ல கோடுகளுக்கு நடுவுல இடைவெளி ஓரளவு சமமா போகும். 12ஏயூ7-ல கரன்ட் குறையக் குறைய கோடுகள் நெருங்கி ஒட்டிக்கும். அந்த நெருக்கம்தான் டிஸ்டார்ஷன். அளந்து பார்த்தவங்க பெரும்பாலும் 6எஸ்என்7 பக்கம் நிற்கிறதுக்கு இதுதான் காரணம்.

இதைக் கையாலேயே கணக்குப் போடலாம். லோடு லைன் வரைஞ்சாச்சு, சிக்னல் இல்லாதப்போ ஆனோடுல 150 வோல்ட்னு வெச்சுக்குவோம். கிரிட் 4 வோல்ட் மேலே போனா ஆனோடு 80-க்கு இறங்குது, 4 வோல்ட் கீழே போனா 210-க்கு ஏறுது. இறக்கம் 70, ஏற்றம் 60. வித்தியாசம் 10, அதில் பாதி 5. அதை மொத்த ஸ்விங் 130-ஆல வகுத்தா இரண்டாம் ஹார்மோனிக் சுமார் 3.8%. இப்போ லோடு ரெசிஸ்டன்ஸைக் கூட்டி, சப்ளை வோல்ட்டேஜையும் அதுக்கேத்த மாதிரி உயர்த்தி, கோட்டைத் திரும்பப் போடுங்க. அதே வால்வு, ஆனா இந்த எண் குறையும். செலவு ஒரு ரெசிஸ்டர், ஒரு பென்சில்.

1947-ல வில்லியம்சன் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழ்ல வெளியிட்ட ஆம்ப்ளிஃபயரைப் பாருங்க. 15 வாட்டுக்கு 0.1 சதவீதத்துக்கும் குறைவான டிஸ்டார்ஷன். அதில் மாய வால்வு எதுவும் இல்ல. கேடி66 வால்வை ட்ரையோடா இணைச்சார். புஷ்-புல் அமைப்புல இரட்டை ஹார்மோனிக்குகள் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போச்சு. நல்ல அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு, 20 டெசிபல் ஃபீட்பேக்கும் கொடுத்தார். ஜெயிச்சது டிசைன்.

நம்ம நாட்டுலயும் வால்வு செஞ்சிருக்காங்க. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல ரேடியோ வால்வு தயாரிப்பைத் தொடங்குச்சு. அந்த முத்திரையோட ஒரு இசிசி83 பழைய கடையில கிடைச்சா, உள்ளூர்ச் சரக்குன்னு ஒதுக்காதீங்க. டெஸ்ட் பண்ணிப் பாருங்க. மியூ 100 உள்ள அது, மைக் மாதிரி சின்ன சிக்னலுக்கு அருமையான ஆளு. ஆனா அடுத்த ஸ்டேஜ் கனமான லோடா இருந்தா அதைப் போட்டு வதைக்காதீங்க.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஒரு சின்ன ஐசி இதைவிடக் குறைவான டிஸ்டார்ஷன் கொடுக்குமே"ன்னு கேட்பீங்க. உண்மைதான், கொடுக்கும். வால்வு சவுண்ட்ல ஒரு 'இதம்' இருக்குன்னு சொல்றவங்களும் பல சமயம் இரண்டாம் ஹார்மோனிக்கைத்தான் ரசிக்கிறாங்க. ரசிக்கட்டும், தப்பில்ல. ஆனா அதைக் 'குறைந்த டிஸ்டார்ஷன்'னு ரிப்போர்ட்ல எழுதக் கூடாது. ஐசிக்குள்ள என்ன நடக்குதுன்னு நம்ம கண்ணுக்குத் தெரியாது. வால்வுல டிஸ்டார்ஷன் எங்கே பிறக்குதுன்னு ஸ்கேல் வெச்சு அளக்கலாம். மாணவனுக்கு அதைவிட நல்ல வாத்தியார் யாரு?

ஒரே ஒரு எச்சரிக்கை. சப்ளை 250, 300 வோல்ட். ஸ்விட்சை அணைச்ச பிறகும் கெபாசிட்டர்ல சார்ஜ் நிற்கும், உயிருக்கே ஆபத்து. டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். லேப்ல தனியா செய்யவே செய்யாதீங்க.

ஜூனியர் அந்த லிஸ்ட்டை மடிச்சுப் பைக்குள்ள வெச்சுட்டான். இப்போ மூணாவது கிராஃப் ஷீட்ல இருக்கான். வால்வு இன்னும் வாங்கல.