பூப்பதற்கு முந்தைய செடி

ஒரு செடியின் உயரத்தை எது தீர்மானிக்கிறது என்று தோட்டக்கலை மாணவரிடம் கேட்டால் விதை, மண், நீர், ஒளி, கவாத்துக் கத்தி என்று விடை வரும். கஞ்சாச் செடியைப் பொறுத்தவரை இந்தியாவில் அந்த வரிசையில் சட்டமும் சேர்கிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வியப்புக்குரியது வேறு: 1890களில் இந்த மண்ணில் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்யப்பட்ட ஒரு வேளாண் அறிவை இன்றைய ஆய்வாளர் அயல்நாட்டு வளர்ப்போரின் கொச்சைச் சொற்கள் வழியாகக் கற்க வேண்டியிருக்கிறது.

முதலில் தாவரவியல். கஞ்சா ஒரு குறும்பகல் தாவரம். இரவு நீளத் தொடங்கியதும் பூக்கும். கனடாவிலும் இஸ்ரேலிலும் உரிமம் பெற்ற கூடங்களில் மருந்துக்காக விளக்கொளியில் வளர்க்கும்போது அந்த இரவை மனிதரே நீட்டுகிறார்கள். நீட்டிய முதல் சில வாரங்களில் தண்டு விறுவிறுவென உயர்கிறது. சில வகைகள் ஏறக்குறைய இருமடங்காகின்றன. கூரையோ உயராது. விளக்கை நெருங்கிய நுனி கருகும், நிழலில் சிக்கிய கீழ்க்கிளை மெலியும். ஆகவே உயரம் பற்றிய முடிவைப் பூப்பதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை எழும் என்பது பருத்தியும் செவ்வந்தியும் பயிரிடும் எந்த உழவருக்கும் தெரிந்ததே. நுனியில் தோன்றும் ஆக்சின் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பதை 1930களில் திமானும் ஸ்கூக்கும் அவரை இனச் செடியில் சோதித்துக் காட்டினார்கள். சைட்டோகைனின், ஸ்ட்ரிகோலாக்டோன், சர்க்கரைப் பங்கீடு எனப் பின்னர் அந்த விளக்கம் சிக்கலாகிவிட்டது. நுனி ஆதிக்கம் என்ற பாடநூல் சொல் இன்னும் நிற்கிறது.

விளைச்சலைக் கூட்டும் உத்தி என்ற அளவில் இதை விட்டுவிட்டால் முக்கியமானது தவறிப்போகும். ஒரே செடியில் உச்சிப் பூக்கதிரிலும் அடிக்கிளைப் பூக்கதிரிலும் கன்னாபினாய்டுகளின் செறிவு ஒன்றாக இருப்பதில்லை. பொதுவாக மேலே மிகுதி, கீழே குறைவு. இஸ்ரேலின் வோல்கனி ஆய்வு நிறுவனத்தில் நிரித் பெர்ன்ஸ்டைன் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வுகள், செடியின் வடிவத்தை மாற்றும் கவாத்து முறைகளில் சில இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கின்றன என்று காட்டின. அதாவது, எந்தக் கிளையை எப்போது வெட்டுவது என்பது நோயாளிக்குச் சேரும் மருந்தளவைத் தொடும் கேள்வி. வலிப்பு நோய்க்கும் புற்றுநோய் வலிக்கும் இச்செடியிலிருந்து மருந்து செய்யலாம் என்று பேசும் நாடு இக்கேள்வியைத் தோட்டக்காரரின் சில்லறை வேலை என்று ஒதுக்க முடியாது.

இங்கேதான் பழைய ஏடுகள் உதவுகின்றன. 1893இல் காலனி அரசு அமைத்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு 1,193 சாட்சிகளை விசாரித்தது. ஒழுக்கமும் மனநோயும் பற்றிய அதன் பக்கங்களே பெரும்பாலும் மேற்கோளாகின்றன. சாகுபடி பற்றிய பகுதியை அவ்வளவாக யாரும் புரட்டுவதில்லை. அரசு கஞ்சாவை வரி கொடுக்கும் பயிராகவே கண்டது, அதனால்தான் இவ்வளவு கணக்கு வைத்தது என்பதையும் மறக்க வேண்டியதில்லை. அன்றைய வங்காளத்தின் ராஜ்சாகி மாவட்டத்தில், இன்று வங்கதேசத்தில் உள்ள நவ்காவ் பகுதியில், அரசின் மேற்பார்வையில் கஞ்சா பயிரானது. நாற்றங்காலில் விதைத்து, மழை ஓய்ந்தபின் பிடுங்கி நட்டு, பூக்கும் பருவத்தை ஒட்டி அடிக்கிளைகளைக் கழித்துவிடுவார்கள். மேற்கிளைகள் அடர்ந்து எழும். பின்னர் ‘போத்தார்’ எனப்பட்ட வல்லுநர் வயலுக்கு வருவார். செடி செடியாக நின்று பார்த்து, மகரந்தம் சிந்துவதற்குள் ஆண் செடிகளை இனங்கண்டு அகற்றுவதே அவர் பணி. ஆங்கில அதிகாரிகள் அவரைக் ‘கஞ்சா டாக்டர்’ என்றே எழுதினார்கள். கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய டேவிட் பிரெயின் இச்சாகுபடி குறித்துத் தனி அறிக்கையே 1893இல் அளித்தார்.

அடிக்கிளைகளைக் கழிக்கும் அந்த வேலைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் ‘லாலிபாப்பிங்’. நுனி கிள்ளுவதற்கு ‘டாப்பிங்’. இந்திய ஆய்வு மாணவர் ஒருவர் இத்துறைக்குள் நுழைந்தால் முதலில் சந்திப்பது இச்சொற்களைத்தான். அயல்மொழிச் சொல் வருவதில் குறையேதுமில்லை. கவாத்து என்ற சொல்லே தமிழுக்கு வெளியிலிருந்து வந்ததுதான். உழவு வழக்கில் வேரூன்றிய ஒரு செயல் வேறு கண்டத்தின் கண்டுபிடிப்பைப் போலத் திரும்பி வருவதே உறுத்துகிறது. சொற்களும் எப்போதும் உண்மை பேசுவதில்லை. ஆங்கில நாட்டுப்புறத்தில் நார்க் கஞ்சாவின் ஆண் செடியை ‘ஃபிம்பிள்’ என்றார்கள். பெண் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது அது. மெலிந்ததும் விரைவில் மடிவதும் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணியவர்கள் சூட்டிய பெயர். விதை தாங்கிய வலிய செடிக்கு ஆணைக் குறிக்கும் ‘கார்ல்’ என்ற அடைமொழி கிடைத்தது. பாலினமும் மொழியும் குறித்த வகுப்புகளுக்கு இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு அரிது.

இனிச் சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா என்பதைப் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள் என்று வரையறுக்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அதற்குள் வாரா. 1961ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையிலும் இதே வரையறைதான். ஆனால் அதே சட்டம் ‘கஞ்சாச் செடி’ என்று வரும்போது அந்தப் பேரினத்தின் எந்தச் செடியையும் குறிக்கிறது. உரிமமின்றி அதை வளர்த்தாலே, பூத்தாலும் பூக்காவிட்டாலும், பத்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கலாம். பொருளின் வரையறையில் பூ உண்டு. குற்றத்தின் வரையறையில் பூவுக்கு இடமில்லை. இதை முரண்பாடு என்று சொல்லிவிடுவது எளிது. முழுக்க நியாயமன்று. நார் வகையையும் போதை வகையையும் இளஞ்செடியில் கண்ணால் பிரித்தறிய இயலாது என்பதால், சட்டம் எச்சரிக்கையோடு வலையை அகல விரித்திருக்கிறது.

அந்த எச்சரிக்கையின் விலையை ஏற்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். கஞ்சா விதைத் துவையல் அன்றாட உணவாகவும், அதன் நாரில் நெய்த ‘பாங்கேலா’ துணி பழைய கைத்தொழிலாகவும் உள்ள உத்தராகண்டம், 2018இல் தொழில்துறைக் கஞ்சா சாகுபடிக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. போதை தரும் டிஹெச்சி 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. மாதிரியைச் செடியின் எந்த உயரத்தில் எடுப்பது? உச்சியில் எடுத்தால் ஒரு எண், அடியில் எடுத்தால் வேறொரு எண். அமெரிக்க வேளாண் துறையின் 2021ஆம் ஆண்டு விதி, நுனியிலிருந்து ஐந்து முதல் எட்டு அங்குலத் துண்டு என்று அளவு குறிக்கிறது. நுனி கிள்ளப்பட்ட செடிக்கு உச்சிகள் பல; நாருக்காக நெருக்கி நட்ட ஒற்றைத் தண்டுச் செடிக்கு ஒன்றே. பரம்பரை வகையைக் கவாத்து மாற்றிவிடாது என்பது உண்மை. எனினும் வரம்பை ஒட்டி நிற்கும் ஒரு வயலில், மாதிரி எடுக்கும் இடம் விளைச்சல் சந்தைக்குப் போவதா தீக்குப் போவதா என்பதையே தீர்மானித்துவிடக்கூடும்.

இத்தகைய ஆய்வு கடத்தலுக்குத் துணைபோகும் என்ற மறுப்பு எழும். திருட்டுத்தனமாக வளர்ப்பவருக்கு இவ்வறிவு ஏற்கெனவே உண்டு. அவர் எதையும் எழுதி வைப்பதில்லை, அவ்வளவே. தடையின் சுமை முழுவதும் எழுதி வைக்கக்கூடியவர் மீதே விழுகிறது. மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கும் நார், விதை, தோட்டக்கலைத் தேவைகளுக்கும் சட்டமே வாயில் வைத்திருக்கிறது. ஜம்முவிலுள்ள சிஎஸ்ஐஆர் நிறுவனம் அவ்வாயில் வழியாகவே கஞ்சா ஆய்வு நடத்திவருகிறது. ஆனால் மூன்றாண்டு உதவித்தொகையில் ஆய்வேட்டை முடிக்க வேண்டிய மாணவர் மாநில அனுமதிக்காகக் காத்திருப்பாரா, தக்காளிக்கு மாறுவாரா என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

மலை மாநிலங்களின் வேளாண் பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனி விண்ணப்பமில்லாத நிலையான ஆய்வு உரிமம் வேண்டும். வேலியிட்ட, எண்ணிடப்பட்ட சிறு வயல் போதும். கவாத்து செய்தது, செய்யாதது, நெருக்கி நட்டது என மூன்று பாத்திகள். ஒவ்வொன்றிலும் உச்சி, நடு, அடி என மூன்று உயரங்களில் மாதிரிகள். அங்குள்ள கர்வாலி, குமாவோனி உழவர்கள் ஆண் செடிக்கும் பெண் செடிக்கும் கிள்ளிய நுனிக்கும் கழித்த கிளைக்கும் என்னென்ன சொற்களை வழங்குகிறார்கள் என்பதையும் அதே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வேலைக்கு எந்த உரிமமும் தேவையில்லை. இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம்.