ஆவர்த்தன அட்டவணையும் இலத்திரன் நிலையமைப்பும்: முந்தியது எது?

மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணை அணுக்களின் இலத்திரன் நிலையமைப்பிலிருந்து பிறந்தது என்பது இரசாயனம் கற்றோரிடையே ஐயத்துக்கு இடமற்ற கூற்றாக நிலைபெற்றுவிட்டது. உபசக்திமட்டங்கள் இன்ன ஒழுங்கில் நிரம்புகின்றன. அவ்வாறு நிரம்புவதனாலேயே அட்டவணை இவ்வடிவம் பெற்றது. எனவே இரசாயனத்தின் ஒழுங்கு முழுவதும் பௌதிகத்தின் சில விதிகளுக்குள் அடங்கிவிட்டது என்று நமக்குக் கற்பிக்கப்படுகின்றது. இக்கூற்று வரலாற்றின்படி பிழையானது, தருக்கத்தின்படி குறைபாடுடையது, கற்பித்தலில் பெருந்தீங்கு விளைப்பது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பது தமிழ் மாணவர் யாவரும் அறிந்த உண்மை. வழக்கிலிருந்து வகுக்கப்பட்ட விதியை வழக்கின் பிறப்பிடம் என்று ஒருவர் கூறுவாராயின் நாம் நகைப்போம். ஆயின் இரசாயன வகுப்பில் அதே தலைகீழ்ப்பாடம் நடைபெறும்போது, குறிப்பேட்டைத் திறந்து பணிவுடன் எழுதிக்கொள்கின்றோம்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். மெண்டலீவ் தமது அட்டவணையை வெளியிட்டது 1869இல். அன்று அறியப்பட்டிருந்த மூலகங்கள் 63. அவருக்கு இலத்திரன் என்ற ஒன்று தெரியாது. தோம்சன் அதனை இனங்கண்டது 1897இல், அதாவது 28 ஆண்டுகள் கழித்து. அணுவின் கருவை இரதபோட் முன்மொழிந்தது 1911இல். மெண்டலீவ் கைக்கொண்டவை அணுநிறை, வலுவளவு, ஒட்சைட்டுகளினதும் ஏனைய சேர்வைகளினதும் இயல்பு ஆகியவையே. அவற்றை மட்டுமே கொண்டு அவர் வெற்றிடங்களை விட்டுவைத்தார். அவ்விடங்களுக்குரிய மூலகங்களின் இயல்புகளையும் முன்கூட்டியே கூறினார். 1875இல் கல்லியமும், 1879இல் ஸ்கண்டியமும், 1886இல் ஜேர்மானியமும் கண்டுபிடிக்கப்பட்டு அவ்விடங்களை நிரப்பின. அயடீனின் அணுநிறை தெலூரியத்தினதைவிடக் குறைவு. இருந்தும் குளோரீன், புரோமீன் ஆகியவற்றின் கீழேயே அதனை அவர் அமைத்தார். எண்ணுக்கும் இரசாயனத்துக்கும் முரண் நேர்ந்தவிடத்து அவர் இரசாயனத்தின் பக்கம் நின்றார். 1913இல் மோஸ்லி ஊடுகதிர் ஆய்வின் வழியாக அணுவெண்ணுக்குப் பரிசோதனை ஆதாரம் அளித்தபோது அம்முடிவு சரியென்பது புலனாயிற்று.

அதே 1913இல் நீல்சு போர் அணுக்களுக்கு இலத்திரன்களைப் பகிர்ந்தளிக்க முற்பட்டார். ஐதரசனுக்கு அப்பாலுள்ள அணுக்களுக்கு அவர் அளித்த அமைப்புகள் சமன்பாடுகளிலிருந்து மட்டும் வந்தவையல்ல; மூலகங்களின் வலுவளவையும் அட்டவணையில் அவை பெற்றிருந்த இடத்தையும் அவர் வழிகாட்டியாகக் கொண்டார். இதில் குறையேதுமில்லை, ஆய்வு அவ்வாறுதான் முன்னேறும். ஆனால் அட்டவணையை நோக்கி எழுதப்பட்ட நிலையமைப்பை அட்டவணைக்கே காரணமாகக் காட்டுவது வட்டத்தருக்கம்.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பினர் 72ஆம் மூலகத்தைக் காட்டுவர். அது அருமண் மூலகமன்று, சேர்க்கோனியத்தை ஒத்தது என்று போரின் கொள்கை கூறியது. 1923இல் கொஸ்டரும் எவெசியும் கொப்பனேகனில் சேர்க்கோனியக் கனிப்பொருளிலேயே அதனைக் கண்டனர். அபினியம் என்று பெயரிட்டனர். கொள்கையின் வெற்றிக்கு வேறு சான்று வேண்டுமோ என வினவுவர். ஆனால் 1921இலேயே சார்ள்ஸ் பரி என்னும் இரசாயனவியலாளர் மூலகங்களின் இரசாயன இயல்புகளைக் கொண்டு இலத்திரன்களைப் பகிர்ந்து, ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்திருந்தார் என்பதை நமது நூல்கள் கூறுவதில்லை.

இனித் தருக்கத்துக்கு வருவோம். 1925இல் வெளிவந்த பௌலியின் தவிர்க்கைத் தத்துவம் பெருஞ்சாதனை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. ஒவ்வொரு பிரதான சக்திமட்டமும் எத்தனை இலத்திரன்களைக் கொள்ளும் என்பதை அது தெளிவுறுத்தியது: 2, 8, 18, 32. ஆனால் அட்டவணையின் ஆவர்த்தனங்களின் நீளம் யாது? 2, 8, 8, 18, 18, 32, 32. இரு தொடர்களும் ஒன்றல்ல. முதலாவது தொடர், ஒரு மட்டம் எவ்வளவு கொள்ளும் என்பதைக் கூறுவது. இரண்டாவது, எவ்விடத்தில் இரசாயன இயல்பு மீண்டும் தலைகாட்டும் என்பதைக் கூறுவது. மூன்றாம் மட்டம் 18 இலத்திரன்களைக் கொள்ளக்கூடியதாயிருக்க, ஆகனில் எட்டுடன் ஆவர்த்தனம் முடிந்து பொற்றாசியத்தில் நான்காம் மட்டம் தொடங்குவது ஏன்? பௌலியின் தத்துவம் மட்டும் இதற்கு விடை தராது.

விடையாக நமக்குத் தரப்படுவது சாய்வு அம்புக்குறிப் படமாகும். முதலிரு சக்திச்சொட்டெண்களின் கூட்டுத்தொகை குறைந்த உபசக்திமட்டம் முதலில் நிரம்பும் என்பது அதன் பொருள். மாடெலுங்கின் பெயரால் வழங்கும் விதி இது. இது பயனுள்ள நினைவுக்குறிப்பு. ஆனால் இயற்கையின் அடிப்படைச் சமன்பாடுகளிலிருந்து இவ்விதி பொதுவாகத் தருவிக்கப்படவில்லை என்பதை 1969இல் சுவீடன் நாட்டு அறிஞர் லேவ்டின் சுட்டிக்காட்டினார். அதற்கு முன்னும் பின்னும் முயற்சிகள் பல நடந்துள்ளன. அனைவரும் ஏற்கும் தருவிப்பு இன்னும் இல்லை. ஆகவே, எதனை விளக்கவேண்டுமோ அதனையே சுருக்கி எழுதி, அதற்கு விளக்கம் என்று பெயரிட்டிருக்கின்றோம்.

அவ்விதியாவது அணுவின் உண்மை நிலையைக் கூறுகின்றதா? 4எஸ் முதலில் நிரம்பும், பின்னரே 3டீ நிரம்பும் என்று மாணவன் மனனம் செய்கின்றான். பொற்றாசியத்துக்கும் கல்சியத்துக்கும் இது பொருந்தும். ஸ்கண்டியத்தை நோக்குக. மூன்று இலத்திரன்களை இழந்த ஸ்கண்டியம் அயன் ஆகனின் அமைப்புடையது. அதற்கு ஓர் இலத்திரனைத் திருப்பிக் கொடுத்தால் அது 4எஸ்ஸுக்குச் செல்லவில்லை, 3டீக்கே செல்கின்றது. அடுத்தது 4எஸ்ஸுக்குச் செல்கின்றது. மூன்றாவதும் அங்கேயே சேர்கின்றது. இது நிறமாலை காட்டும் உண்மை. ஆக, ஸ்கண்டியத்தில் முதலில் இடம்பெறுவது 3டீயே. முதலில் நிரம்பிய 4எஸ் அயனாக்கத்தின்போது முதலில் வெறுமையாவது ஏன் என்று மாணவர் ஆண்டுதோறும் வினவுகின்றனர். வினாவே பிழையான கூற்றிலிருந்து எழுந்தது என்று கூறுவார் எவருமிலர். நிலையமைப்பு என்னும் நமது தமிழ்ச்சொல்லே இங்கு உண்மையை உணர்த்துகின்றது: அது ஒரு நிலையின் அமைப்பு, நிரப்பிய வரலாறன்று.

அடுத்து, குரோமியம். அதன் வெளியமைப்பு 3டீயில் ஐந்தும் 4எஸ்ஸில் ஒன்றும். பாதி நிரம்பிய உபசக்திமட்டம் மிக உறுதியானது என்று ஒரு வரி எழுதினால் புள்ளி கிடைக்கும். அதே கூட்டத்தின் தங்குதன் 5டீயில் நான்கும் 6எஸ்ஸில் இரண்டும் கொண்டிருப்பது ஏன்? நியோபியம் 4டீயில் நான்கும் 5எஸ்ஸில் ஒன்றும் கொண்டு, பாதியுமின்றி முழுமையுமின்றி நிற்பது ஏன்? இரு மட்டங்களுக்கிடையிலான சிறு சக்தி வேறுபாடும் இலத்திரன்களிடையேயான தள்ளுகையும் அணுவுக்கு அணு வேறாய் ஒன்றையொன்று எதிர்க்கின்றன என்பதே நேர்மையான விடை. ஒரு வரி மந்திரம் அதற்கு ஈடாகாது.

நிக்கல், பலேடியம், பிளாற்றினம் ஆகிய மூன்றும் ஒரே கூட்டத்தவை. அவற்றின் வெளியமைப்புகளோ மூன்று வகையானவை. நிக்கலில் டீ எட்டு, எஸ் இரண்டு. பலேடியத்தில் டீ பத்து, எஸ் வெறுமை. பிளாற்றினத்தில் டீ ஒன்பது, எஸ் ஒன்று. ஐந்தாம் ஆவர்த்தனத்தில் வீற்றிருக்கும் பலேடியத்தின் ஐந்தாம் மட்டத்தில் ஓர் இலத்திரன்கூட இல்லை. மறுபுறம், ஈலியத்தின் வெளியமைப்பு எஸ் இரண்டு. பெரிலியம், மகனீசியம் ஆகியவற்றினதும் அதுவே. நிலையமைப்பே அரசனாயின் ஈலியம் பெரிலியத்தின் தலைமேல் அமரவேண்டும். நாமோ அதனை நேயனின் மேல் அமர்த்தியுள்ளோம். ஏன்? அதன் இரசாயனம் அதுவாகலின். இறுதித் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் எதனிடம் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாம் கூட்டத்தில் இற்றியத்தின் கீழ் அமரத்தக்கது இலந்தனமா, லுற்றீசியமா என்னும் வழக்கும் நிலையமைப்பால் தீரவில்லை. தூய, பிரயோக இரசாயனவியலுக்கான சர்வதேச ஒன்றியத்தின் செயற்குழு 2021இல் வெளியிட்ட இடைக்கால அறிக்கை லுற்றீசியத்தின் பக்கம் சாய்ந்தது. எனினும் முற்றிலும் புறவயமான அளவுகோலால் மட்டும் இதனைத் தீர்க்கவியலாது என்பதை அது ஏற்றுக்கொண்டது.

நமக்கு எதிராகக் கூறத்தக்க வலிமையான வாதம் ஒன்றுண்டு. சக்திச்சொட்டுப் பொறியியலைக் கொண்டு ஒவ்வோர் அணுவின் சக்தியையும் இன்று கணினியாற் கணிக்கலாம். குரோமியத்தின் அமைப்பையும் பலேடியத்தின் அமைப்பையும் அக்கணிப்பு விளக்கும். உண்மையே. அதனை மறுப்பது அறியாமை. ஆனால் வகுப்பில் கற்பிக்கப்படுவது அக்கணிப்பன்று, அம்புக்குறிப் படம். கணிப்பின் புகழைப் படத்துக்குச் சூட்டுவது முறையன்று. இரசாயனம் முழுவதற்கும் வேண்டிய அடிப்படை விதிகள் அறியப்பட்டுவிட்டன என்று 1929இல் டிராக் எழுதியதைப் பலர் எடுத்துரைப்பர். அச்சமன்பாடுகள் தீர்க்கவியலாத அளவு சிக்கலானவை, ஆதலால் அண்ணளவான முறைகள் வேண்டும் என்று அவர் தொடர்ந்து எழுதியதை விட்டுவிடுவர்.

இதனால் நேரும் இழப்பு யாது? மாணவன் விதியைச் சான்றின் இடத்தில் வைக்கப் பழகுகின்றான். விதிக்கு ஒவ்வாத உண்மை எதிர்ப்படும்போது அதனை விதிவிலக்கு என்று பெயரிட்டு மூலையில் ஒதுக்குகின்றான். விதியின் மீது ஐயம் கொள்வதில்லை. இப்பழக்கம் இரசாயனத்தோடு நிற்பதன்று. சமூகத்தைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் அவன் இவ்வாறே சிந்திப்பான். பல்கலைக்கழகம் உருவாக்க வேண்டிய மனம் இதுவன்று.

நாம் வேண்டுவது நிலையமைப்பைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்குவதன்று. அதனை அதற்குரிய இடத்தில் வைப்பது. முதலில் ஒட்சைட்டுகளும் குளோரைட்டுகளும் கற்பிக்கப்படட்டும். 1869இல் அறியப்பட்டிருந்த செய்திகளைக் கொடுத்து, மாணவர் தாமே மூலகங்களை வரிசைப்படுத்தட்டும். பின்னர் அயனாக்கற் சக்திகளையும் நிறமாலைகளையும் காட்டி, நிலையமைப்பு எச்சான்றிலிருந்து பெறப்படுகின்றது என்பதை விளக்குக. இறுதியில் அம்புக்குறிப் படத்தை நினைவுக்குறிப்பு என்ற பெயரிலேயே தருக. பலேடியத்தையும் தங்குதனையும் விதிவிலக்குகளாக அல்ல, வினாக்களாக முன்வைக்க. பரீட்சை வினாத்தாளில் பாதி நிரம்பிய மட்டத்தின் உறுதி என்ற ஒற்றை வரிக்குப் புள்ளி வழங்கும் வழக்கம் நிற்கட்டும். விரிவுரையாளர்கள் இதனைச் செய்யத் தயங்குவாராயின், மாணவர் வினவத் தொடங்கட்டும். வினாவுக்கு விடையளிக்கும் கடப்பாடு விரிவுரையாளருடையது.